யார் ஓட்டியது?

இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் பகுதியாக இருக்கும் ரெயூனியன் தீவின் துறைமுக ஊரான லெ போரில், கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேனில் சாமான் கொண்டுபோய்ப் போடும் ஒரு சின்ன கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். சம்பளப் பட்டியல், இன்சூரன்ஸ், டயர் பில் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். வேகக் கேமரா பிடித்ததற்கான அபராதக் கடிதங்களும் அதே மேசைக்குத்தான். இங்கே அதை ரடார் என்பார்கள். கடிதத்தைப் பிரித்து, அந்தத் தேதியில் அந்த நேரத்தில் அந்த வேனை எடுத்துக்கொண்டு போனது யார் என்று அட்டவணையில் தேடி, அவர் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் அரசாங்க இணையதளத்தில் ஏற்றுவது என் பொறுப்பு. கேமராவுக்கு நம்பர் பிளேட் மட்டும்தான் தெரியும். ஆளைக் காட்டிக்கொடுப்பது நான்.

சென்னையில் இருக்கும் என் அண்ணன் போன மாதம் போனில் ரொம்ப சந்தோஷமாகப் பேசினார். சிக்னலுக்குச் சிக்னல் கேமரா வந்துவிட்டதாம், சலான் நேராக மொபைலுக்கே வருகிறதாம், இனிமேல் மாமூலும் கிடையாது சிபாரிசும் கிடையாது, எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றார். கேரளாவில் 726 கேமராக்கள் கொண்ட திட்டத்தில் 2023 ஜூனில் அபராதம் போடத் தொடங்கியபோதும் இதே பேச்சைத்தான் கேட்டோம். எல்லாருக்கும் ஒரே கேமரா என்பது சரி. ஒரே தண்டனையா என்று கேட்டால், கடிதம் பிரிக்கும் வேலையில் இருக்கும் எனக்கு அவ்வளவு உறுதியாகத் தலையாட்ட வரவில்லை.

கடிதத்தில் என்ன இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அனுப்புவது பிரான்சின் வடமேற்கில் ரென் நகரத்தில் இருக்கும் தேசிய மையம். எங்களுக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். தீவின் மேற்குப் பக்கம் மலைச்சரிவில் 2009-இல் திறந்த தமரேன் நெடுஞ்சாலையில் எங்கள் வேன் ஒன்று மாட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் மூன்று எண்கள் இருக்கும். பதிவான வேகம் 118. கணக்கில் எடுத்த வேகம் 112. அனுமதித்த வேகம் 110. கருவியில் பிழை இருக்கலாம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் ஐந்து சதவீதமும், அதற்குக் கீழே என்றால் ஐந்து கிலோமீட்டரும் தள்ளுபடி தருகிறார்கள். மிஞ்சிய இரண்டு கிலோமீட்டருக்கு 68 யூரோ அபராதம். சீக்கிரம் கட்டினால் 45, கெடு தாண்டினால் 180. அதே இரண்டு கிலோமீட்டர் ஊருக்குள் 50 எல்லையில் என்றால் 135 யூரோ, சீக்கிரம் கட்டினால் 90. இந்த மாதிரி ஐந்து கிலோமீட்டருக்குக் குறைவான மீறலுக்கு 2023 கடைசி வரை லைசென்சில் ஒரு பாயிண்டும் போனது (பாயிண்ட் எல்லாம் தீர்ந்தால் லைசென்சே போய்விடும்). 2024 ஜனவரியிலிருந்து பணம் மட்டும்.

கம்பெனி வண்டி என்றால் கூடவே ஒரு எச்சரிக்கையும் இருக்கும். ஓட்டியவர் பெயரை 45 நாளுக்குள் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கம்பெனிக்குத் தனியாக 675 யூரோ. இந்த விதி 2017 ஜனவரியில் வந்தது. அதற்கு முன்பு பல கம்பெனிகள் அபராதத்தைத் தாங்களே கட்டிவிட்டு, ஓட்டியது யார் என்று தெரியாது என்று கைவிரித்துவிடும்.

கேமராவே வேண்டாம் என்று சொல்கிறவள் அல்ல நான். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னால் மாமனார் விடமாட்டார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர்களின் வழியில் வந்தவர், தமிழில் தெரிந்ததெல்லாம் கோயில் பாட்டு. மற்றதெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். ரடார் வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று கேட்டால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஜாந்தார்ம், அதாவது போலீஸ்காரன், வண்டியை நிறுத்துவான், எழுதுவான். அந்தச் சீட்டை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு அபராதம் காணாமல் போகும். தெரியாதவன் கட்டுவான். இது தீவின் தனிப் பழக்கம் இல்லை, பிரான்ஸ் முழுக்க அப்படித்தான் இருந்தது. "ரடாருக்கு மேயரைத் தெரியாது, மகளே. என் தோல் நிறமும் தெரியாது" என்பார். வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்தவர் சொல்வதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன்.

உயிர்க் கணக்கும் கேமரா பக்கம்தான் நிற்கிறது. 2002 ஜூலை 14 அன்று ஜனாதிபதி சிராக், தன் பதவிக்காலத்தின் மூன்று பெரிய வேலைகளில் ஒன்றாகச் சாலைப் பாதுகாப்பை அறிவித்தார். அந்த ஆண்டு பிரான்சில் சாலையில் செத்தவர்கள் 7,000-க்கு மேல். 2003 அக்டோபர் 27 அன்று பாரிசுக்குத் தெற்கே முதல் தானியங்கிக் கேமரா வந்தது. 2010-இல் சாவு 4,000-க்குக் கீழே இறங்கியது. இதில் எல்லாரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. 2003-இலேயே சாவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கேமரா வந்ததோ அந்த ஆண்டின் கடைசி இரண்டு மாதத்தில். அதாவது கேமரா கண்ணைத் திறப்பதற்கு முன்பே, அது வரப்போகிறது, இனிமேல் சிபாரிசு செல்லாது என்ற பேச்சுக்கே ஜனங்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார்கள்.

இப்படிச் சொன்னால் உடனே ஒருவர் வருவார்: மோசமான வருஷத்துக்குப் பிறகுதானே கேமரா வைக்கிறார்கள், அடுத்த வருஷம் எப்படியும் குறையத்தானே செய்யும் என்று. நல்ல கேள்வி. அந்த மயக்கத்தையும் கவனித்துத்தான் ஆய்வுகளை எடைபோட வேண்டும். 2010-இல், ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைத் திரட்டி அலசியது. கேமராவைச் சுற்றியுள்ள பகுதியில் உயிர்ச்சேதமும் படுகாயமும் உள்ள விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்ததாக அவை காட்டின. ஆய்வுகளின் தரத்தில் அவர்களுக்கும் குறை இருந்தது, ஆனால் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டின. சுவீடன் ஆய்வாளர் நில்சன் சொன்ன கணக்கு இன்னும் எளிது: சராசரி வேகம் ஒரு சதவீதம் குறைந்தால் உயிர்ச்சேத விபத்து நான்கு சதவீதம் குறையும். ஆக, கேமரா வேலை செய்கிறது. அது வேலை செய்த பிறகு, காகிதம் எங்கள் ஆபீஸுக்கு வந்த பிறகு நடப்பதுதான் என் குறை.

எங்களிடம் ஒரு பையன் இருக்கிறான், 22 வயது. சென் ஆந்த்ரே பக்கத்து ஆள். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. பிரான்சில் லைசென்சுக்கு 12 பாயிண்ட், ஆனால் புதிதாக வாங்கியவனுக்கு 6-தான் கொடுப்பார்கள். ஒழுங்காக ஓட்டினால் மூன்று வருடத்தில் 12 ஆகும். இவன் 50 எல்லையில் 76-இல் போயிருக்கிறான். தள்ளுபடி போக 71. மீறல் 21, அதனால் 135 யூரோவும் இரண்டு பாயிண்டும். அவனுடைய ஆறில் இரண்டு. கூப்பிட்டுச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. இணையதளத்தில் படத்தை எடுத்துக் காட்டினேன். கறுப்பு வெள்ளைப் படம். வேனின் பின்கதவு, அதில் எங்கள் ஸ்டிக்கரின் ஓரம் உரிந்து தொங்குவது வரை தெரிகிறது. நம்பர் பிளேட் பளிச்சென்று இருக்கிறது. ஓட்டுகிறவன் தலைமுடிகூடத் தெரியவில்லை. இங்கே ரடார் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் படம் எடுக்கும்.

"மதாம், இதுல நான் எங்க இருக்கேன்?" என்றான்.

அட்டவணையில் இருக்கிறாய் என்றேன். அன்றைக்கு அந்த வேன் சாவியை வாங்கிக் கையெழுத்துப் போட்டது அவன்தான். வேறு யார் பெயராவது போட முடியாதா என்று மெதுவாகக் கேட்டான். பொய்ப் பெயர் கொடுத்தால் அது வேறு வழக்கு, நான் மாட்டுவேன் என்றேன். அப்போது அவன் சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. அவன் பக்கத்து வீட்டுக்காரர் சொந்தக் காரில் போய் இதே மாதிரி மாட்டினாராம். ஓட்டியது நானில்லை என்று எழுதிப் போட்டாராம். பணம் போனது, பாயிண்ட் போகவில்லையாம்.

கதை விடுகிறான் என்று நினைத்தேன். சட்டத்தைத் தேடிப் படித்தால் அவன் சொன்னது சரி. சொந்தக் கார் வைத்திருப்பவர் 'ஓட்டியது நானில்லை' என்று மறுக்கலாம். யார் ஓட்டியது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அபராதத் தொகையை முன்பணமாகக் கட்டிவைக்க வேண்டும், விஷயம் போலீஸ் நீதிமன்றம் வரை போகும். நீதிபதி படத்தைப் பார்ப்பார். படத்தில் பின்கதவு மட்டும் இருந்தால், ஓட்டியவர் இவர்தான் என்று சொல்ல முடியாது. அப்போது வண்டியின் உரிமையாளர் என்ற முறையில் பணத்தை மட்டும் கட்டச் சொல்வார், சில சமயம் முதல் தொகையைவிடக் கூடுதலாகவே. பாயிண்ட் யாரிடமிருந்தும் கழியாது. ஓட்டியவரை அடையாளம் காணாமல் பாயிண்ட் எடுக்கக் கூடாது என்பது கொள்கையளவில் நியாயம்தான். அந்த நியாயத்தை வாங்க நேரமும், கடிதம் எழுதத் தெரிந்த கையும், கூடுதல் பணமும் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வகை முதலாளிகள். கம்பெனி பெயரில் பதிவான கார், ஓட்டுவது இயக்குநர். சட்டப்படி அவர் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கம்பெனிக்கு அந்த 675 யூரோ, சீக்கிரம் கட்டினால் 450. பெயர் சொல்லாததற்குப் பாயிண்ட் கிடையாது. அடிக்கடி செய்தால் கவனிப்பார்கள், ஆனால் கையில் இரண்டே பாயிண்ட் மிச்சம் இருக்கும் ஒருவருக்கு 450 யூரோ பெரிய விலையா? (எங்கள் முதலாளி ஸ்கூட்டரில் வருகிறவர், அவரைச் சொல்லவில்லை.)

ஆக, 71 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே கேமராவைக் கடந்த மூன்று பேர். சொந்தக் கார்க்காரர் பணத்தோடு தப்பலாம். இயக்குநர் கம்பெனிப் பணத்தோடு தப்பலாம். சம்பளத்துக்கு வேன் ஓட்டுகிறவன் மட்டும் கட்டாயம் பாயிண்ட் இழக்கிறான், ஏனென்றால் அவன் பெயரை எழுதுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் போனால் வேலையும் போகிறவன் அவன்தான்.

இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், பாயிண்ட் முறையைக் கொண்டுவந்ததே பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே மாதிரி வலிக்கட்டும் என்றுதான். 1992 ஜூலையில் அது வந்தபோது லாரி டிரைவர்கள் பிரான்சின் சாலைகளை மறித்துப் போராடினார்கள். பிழைப்பே சாலையில் இருப்பவனுக்கு அது இரட்டை அடி என்பது அவர்களுக்கு அன்றைக்கே புரிந்திருந்தது. அரசாங்கம் சொன்ன பதிலும் தப்பில்லை: அபராதம் யாருக்கு வேண்டுமானாலும் சில்லறையாக இருக்கலாம், பாயிண்ட் மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவுதான். ஆனால் அதிலேயே ஓட்டைகள் உண்டு. இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்புக்குப் பணம் கட்டிப் போய் உட்கார்ந்தால், வருடத்துக்கு ஒரு முறை நான்கு பாயிண்ட் வரை திரும்பக் கிடைக்கும். வகுப்பு நல்லதுதான், போனவர்கள் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, இருநூறு யூரோவுக்கு மேல் கொடுத்து யார் போவார்கள்?

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் மூன்றில் ஒருவருக்கு மேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே. எங்கள் டிரைவர்களின் கைக்கு மாதம் வருவது சுமார் 1,400 யூரோ. அதில் 90 யூரோ என்றால் பதினைந்தில் ஒரு பங்கு. மலைமேல் நீச்சல் குளத்தோடு வீடு கட்டியிருப்பவருக்கும் அதே 90. பின்லாந்தில் பெரிய வேக மீறலுக்கு வருமானத்தை வைத்து அபராதம் போடுகிறார்கள். 2023-இல் அங்கே ஒரு தொழிலதிபர் 121,000 யூரோ கட்டினார். அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது என்று கேட்டால், தானியங்கி முறைக்கு அது ஒத்துவராது என்பார்கள். நம்பர் பிளேட்டுக்கு வருமானம் கிடையாதே. வேகமாக, மலிவாக, லட்சக்கணக்கில் அபராதம் அனுப்ப வேண்டுமென்றால் எல்லாருக்கும் ஒரே தொகைதான் வசதி. வசதி அரசாங்கத்துக்கு.

2018 நவம்பரில் விலைவாசியை எதிர்த்து மஞ்சள் சட்டைப் போராட்டம் வந்தபோது பிரான்சில் மற்ற இடங்களைவிட இங்கே கொதிப்பு அதிகம். 17-ஆம் தேதி ரவுண்டானாக்கள் எல்லாம் அடைபட்டன, சில நாளில் தீவின் 24 கம்யூன்களில் (நம் ஊர் நகராட்சி மாதிரி) பாதிக்கு மேல் இரவு ஊரடங்கு. அந்தப் போராட்டத்தின்போது பிரான்ஸ் முழுக்க ஏறத்தாழ 60 சதவீத ரடார்கள் சேதமாயின. இங்கேயும் பெயிண்ட் பூசினார்கள், டயரைக் கொளுத்தி மாட்டினார்கள். பெட்ரோல் விலைக்கும் அரிசி விலைக்கும் ரடார் என்ன பாவம் செய்தது என்று அப்போது மாமியார் கேட்டார். கைக்கெட்டும் தூரத்தில் தனியாக நின்ற அரசாங்கம் அதுதான், வேறென்ன. ரயில் இல்லாத தீவு இது. பழைய ரயிலில் மக்கள் போவது 1960-களிலேயே நின்றுவிட்டது. வேலைக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, கோயிலுக்குப் போக எல்லாவற்றுக்கும் கார். தலைநகர் சென் தெனிக்குள் நுழையும் காலை நெரிசலில் மணிக்கணக்கில் நகராமல் கிடந்துவிட்டு, காலியான சாலையைப் பார்த்ததும் மிதிக்கிறவனுக்கு, கடிதம் வரும்போது பாதுகாப்பு ஞாபகம் வராது, வரிதான் ஞாபகம் வரும். அபராதப் பணத்தில் ஒரு பகுதி அரசின் கடனை அடைக்கப் போகிறது என்று சட்டமே சொல்லும்போது அவனைக் குறை சொல்லியும் பயனில்லை. அந்தப் பணம் எந்த வளைவில் தடுப்புச் சுவராக, எந்தப் பள்ளிக்கூட வாசலில் நடைபாதையாக மாறியது என்று ரடார் கம்பத்திலேயே எழுதி ஒட்டலாம். பெயிண்ட் பூச வருகிறவன் படித்துவிட்டாவது பூசுவான்.

ஏமாற்றுவதும் தாராளமாக நடக்கிறது. ரடார் இருக்கும் இடங்கள் ஊரறிந்தவை, எதிரே வருகிறவர் ஹெட்லைட் அடித்துக் காட்டுவார், மொபைல் 'ஆபத்துப் பகுதி' என்று குரல் கொடுக்கும். கம்பத்துக்கு முன்னால் பிரேக், தாண்டியதும் ஆக்சிலரேட்டர். இரண்டு முனையில் கேமரா வைத்துச் சராசரி வேகம் பார்க்கும் முறை இதற்கு மருந்து. ஆனால் அதற்கு அந்தச் சாலையில் போகும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும், தப்பு செய்யாதவர் உட்பட, பதிவு செய்தாக வேண்டும். தப்பில்லாதவற்றை உடனுக்குடன் அழித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, ரடாரால் ரம் வாசனை பிடிக்க முடியாது என்பது. இந்தத் தீவில் ஓர் ஆண்டில் சாலையில் சாவது பொதுவாக நாற்பதை ஒட்டிய ஆட்கள். அதில் மதுவின் பங்கு பிரான்சின் மற்ற பகுதிகளைவிட அதிகம், கூடவே ஸமால் என்று இங்கே சொல்லும் கஞ்சா. வெள்ளிக்கிழமை இரவு விருந்து முடிந்து, குடித்துவிட்டு, 50 எல்லையில் 48-இல் தள்ளாடிக்கொண்டு போகிறவனை ரடார் மரியாதையாக வழியனுப்பி வைக்கும். அவனைப் பிடிக்க, சாலையோரம் இரவில் நின்று ஊதச் சொல்ல, மனிதர்கள் வேண்டும். மனிதர்களுக்குச் சம்பளம் வேண்டும், கம்பத்துக்கு வேண்டாம். வேகம் மட்டும்தான் எளிதாக அளக்க முடிவது, அதனால் சாலைப் பாதுகாப்பு என்றாலே வேகம் என்றாகிவிட்டது. செல்போனைக் கையில் பிடித்து ஓட்டினால் மூன்று பாயிண்ட் என்று சட்டத்தில் இருக்கிறது. எங்கள் டிரைவர்களில் ஒருவருக்குக்கூட அதற்காகக் கடிதம் வந்து நான் பிரித்ததில்லை. அவர்கள் போனைத் தொடாத உத்தமர்கள் என்று நீங்கள் நம்பினால் நம்புங்கள்.

ஜெர்மனியில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே தண்டனை ஓட்டியவருக்குத்தான், உரிமையாளருக்கு இல்லை. அதனால் கேமரா முன்னாலிருந்து முகத்தோடு படம் எடுக்கிறது. இங்கேயும் அப்படிச் செய்தால் 'ஓட்டியது நானில்லை' என்ற கதை பாதியில் நின்றுவிடும். ஆனால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதும் சேர்ந்து படமாகும், முகத்தைத் தேடும் மென்பொருள் அடுத்து வரும். மாமனார் மெச்சுகிற குணமே, அந்தக் கம்பத்துக்கு ஆள் முகம் தெரியாது என்பதுதானே. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜெர்மனியின் இன்னொரு ஏற்பாடுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஓட்டியது யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் போனால், அந்த வண்டியின் உரிமையாளரை ஒரு நோட்டு போடச் சொல்லலாம்: எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் ஓட்டியது, கையெழுத்து. குறிப்பிட்ட மாதங்களுக்கு அதை ஒழுங்காக எழுதிவர வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். எங்கள் ஆபீஸ் சுவரில் சாவி மாட்டும் ஆணிகளுக்குக் கீழே அப்படி ஒரு நோட்டு எப்போதும் தொங்குகிறது, பேனாவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். இரண்டாவது முறையாக 'நானில்லை' என்று எழுதும் சொந்தக் கார்க்காரரும், 675 யூரோவில் வாயை மூடிக்கொள்ளும் இயக்குநரும் ஒரு வருடம் அதே மாதிரி ஒரு நோட்டு எழுதட்டும். நூலும் பேனாவும் வேண்டுமானால் நான் தருகிறேன்.